ஸ்ட்ரைப்பர்: மஞ்சள் கறுப்பைக் கழற்றியது பின்மாற்றமா?

ஜனவரி 4, ஒரு வாசகரின் கேள்வி

"ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ ஹெவி மெட்டல் ராக் குழுவினர் 1990இல் தங்கள் அடையாளமான மஞ்சள் கறுப்பு வரி உடையைக் கழற்றிப் போட்டார்கள். பாட்டிலிருந்து சுவிசேஷத்தையும் எடுத்துவிட்டு 'அகெயின்ஸ்ட் த லா' ஆல்பத்தை வெளியிட்டார்கள். இரண்டே வருஷத்தில் குழு உடைந்தது, கதை முடிந்தது. விசுவாசத்தை விட்டு வழுவிய பின்மாற்றம் இது, உலகத்தைப் பிடிக்கப் போனவர்களுக்குக் கிடைத்த கூலி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

ஜனவரி 4, இரவு

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

"கதை முடிந்தது" என்பதை முதலில் அடித்துவிடுகிறேன். 2024இல் கூட 'வென் வி வேர் கிங்ஸ்' என்று புது ஆல்பம் போட்டார்கள். முதல் தட்டு 1984இல் வந்தது. நாற்பது வருஷம் ஓடியதை முடிந்த கதை என்றால், ஓடுகிற கதைக்கு என்ன பெயர்?

மீதி நாளைக்கு. கண்ணைச் சொருகுகிறது.

ஜனவரி 5

ஆரம்பத்திலிருந்து வருகிறேன், அப்போதுதான் உடையின் கதை புரியும்.

இடம் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டி. அண்ணன் ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸ், தம்பி மைக்கேல் ஸ்வீட் பாட்டும் கிட்டாரும். 1975இல் ஜிம்மி ஸ்வாகர்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கத்தைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பம் மனந்திரும்பியது. அப்போது மைக்கேலுக்குப் பன்னிரண்டு வயசு. (ஸ்வாகர்ட் பெயரை நினைவில் வையுங்கள், அவர் திரும்பி வருவார்.) பிறகு வாலிப வயசில் எல்லோரும் போல விலகிப் போனார்கள். ராக்ஸ் ரெஜீம் என்று ஒரு குழு, ஹாலிவுட் கிளப்புகளில் வாசிப்பு. ஆஸ் ஃபாக்ஸ் இன்னொரு கிட்டார், டிம் கெய்ன்ஸ் பேஸ் கிட்டார். பிற்பாடு பாய்சன் குழுவில் பெரிய ஆளான சி. சி. டெவில்கூடக் கொஞ்ச நாள் அங்கே இருந்தார். பெயரில் டெவில் இருப்பதை வைத்து ஜோக் அடிக்க ஆசைதான், விட்டுவிடுகிறேன்.

அப்புறம் விசுவாசத்துக்குத் திரும்பினார்கள், பெயரை மாற்றினார்கள், எனிக்மா ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் கிடைத்தது. 1984இல் எட்டுப் பாட்டோடு 'த யெல்லோ அண்ட் ப்ளாக் அட்டாக்'. 1985இல் 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்', தயாரிப்பு மைக்கேல் வாக்னர். இது 5 லட்சம் பிரதி தாண்டி கோல்ட் வாங்கியது. 1986இல் 'டு ஹெல் வித் த டெவில்', 10 லட்சம் தாண்டி பிளாட்டினம். அதிலிருந்து 'ஆனஸ்ட்லி' பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 23ஆம் இடம் வரை போனது. எம்டிவியில் நேயர்கள் தொலைபேசியில் வாக்குப் போடும் நிகழ்ச்சியில் இவர்கள் பாட்டு முதலிடத்தில் நின்றது. மெட்டல் வாசித்துக்கொண்டு இயேசுவைப் பற்றிப் பாடிய ஒரு குழு அந்த உயரத்துக்குப் போகும் என்று அதற்கு முன்னால் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் பெயரின் கீழே ஏசாயா 53:5 போட்டிருப்பார்கள். ஆங்கில வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் வருகிற 'ஸ்ட்ரைப்ஸ்' சாட்டையடித் தடம். நம் வேதாகமத்தில் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". உடம்பில் விழுந்த வரி, உடையில் போட்ட வரி, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் தழும்பு என்று வந்துவிட்டதால் எனக்கு இந்தச் சிலேடை புரியவே பல வருஷம் ஆனது. அதுவரை இவர்கள் ஏன் குளவி மாதிரி உடுத்துகிறார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 5, அரை மணி நேரம் கழித்து

திருத்தம். 1984இல் வந்ததில் ஆறு பாட்டுதான். என்னிடம் இருப்பது 1986 மறுபதிப்பு, அதில் இரண்டைச் சேர்த்து எட்டு ஆக்கினார்கள். யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

ஜனவரி 6

'டு ஹெல் வித் த டெவில்' எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதிவு செய்த கேசட். அதுவும் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மூன்றாம் தலைமுறை. மைக்கேல் உச்ச ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் எல்லாம் ஒரு விசில் சத்தம் கூடவே வரும், அது குரலா நாடாவா என்று தெரியாது. பேரைப் பார்த்து அம்மா பிடுங்கிவிட்டார். "பிசாசே, நரகத்துக்குப் போ என்றுதான் அம்மா அர்த்தம்" என்றேன். "பிசாசு பேர் எதுக்கு வீட்டுக்குள்ளே?" என்றார். பதில் இல்லை. அடுத்த பிரதிக்கு 'வாலிபர் கூட்டப் பாடல்கள்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். பொய் இல்லையே, வாலிபர் கூட்டத்தில்தான் போட்டுக் கேட்டோம்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவிலேயே அந்த ஆல்பத்துக்கு அட்டைப் பிரச்சினை வந்தது. முதலில் போட்ட ஓவியத்தில் நான்கு தேவதூதர்கள் சாத்தானைக் குழியில் தள்ளுகிறார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் வெறும் கறுப்பில் குழுவின் பெயர் மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். சாத்தான் தோற்கிற படமே ஆகாது என்றால் என்னதான் போடுவது?

ஜனவரி 8

ஸ்வாகர்ட்டுக்கு வருகிறேன்.

ஸ்ட்ரைப்பர் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசுவார்கள். சின்னப் புத்தகங்கள், குழுவின் முத்திரை ஒட்டியவை. மற்ற குழுக்கள் கிட்டார் பிக்கும் டிரம்ஸ் குச்சியும் வீசிய காலம். குச்சி மேலே பட்டால் நினைவுப் பொருள், மத்தேயு சுவிசேஷம் நெற்றியில் பட்டால் என்ன என்று தெரியவில்லை.

இதைத்தான் ஸ்வாகர்ட் பிடித்துக்கொண்டார். "உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்" என்ற மத்தேயு 7:6ஐ எடுத்து, இவர்கள் செய்வது அதுதான் என்றார். கிறிஸ்தவ ராக் மொத்தத்தையும் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று 1987இல் ஒரு புத்தகமே போட்டார். யார் பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பினார்களோ அவர் வாயிலிருந்தே இது வருகிறது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

1988 பிப்ரவரியில் அதே ஸ்வாகர்ட் தொலைக்காட்சியில் அழுதுகொண்டே "பாவம் செய்தேன்" என்று அறிக்கையிட்டது உலகத்துக்கே தெரியும். அதைச் சொல்லிக் கைதட்ட இந்தக் குறிப்பை எழுதவில்லை. ஆனால் அந்த ஆட்களின் நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம் சபை, "இது உலகம்" என்கிறது. மறுபக்கம் மெட்டல் ரசிகன், "இது சபை" என்கிறான். அவனுக்கு மஞ்சள் கறுப்பு ஒரு கேலிப்பொருள். ஆறு வருஷம் இரண்டு பக்கமும் அடி வாங்கினால் யாருக்கும் ஒரு நாள் உடையைக் கழற்றத் தோன்றும்.

ஜனவரி 9

சும்மா ஒரு தகவல். ராபர்ட் டிரம்ஸைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து வாசிப்பார், கூட்டம் அவர் கைகால் அசைவை முழுக்கப் பார்க்கட்டும் என்று. டிரம்ஸ்காரர் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த என் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். எங்கள் குழுவில் இதைச் செய்து பார்த்தோம். பாடகன் மேல் சிம்பல் விழுந்தது. அதோடு சரி.

ஜனவரி 11

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் பேஸ் வாசிக்கிறவன், நன்றாக இல்லை, ஆனாலும் வாசிக்கிறவன். பதினாறு வயசில் நான் பேஸ் கற்றது டிம் கெய்ன்ஸிடம். அதாவது அந்த மூன்றாம் தலைமுறை கேசட்டிடம். 'காலிங் ஆன் யூ', 'ஃப்ரீ', ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு, மூன்றையும் சுரம் சுரமாக எடுத்து ஒரு நோட்டில் எழுதினேன். மேலே 'டிம் கெய்ன்ஸ் மாதிரி' என்று தலைப்பு. அவர் நிற்கிற மாதிரி நிற்பேன், தலைமுடிதான் இல்லை.

'டு ஹெல் வித் த டெவில்' ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் டிம் கெய்ன்ஸ் இல்லை. பிராட் காப் என்ற ஸ்டூடியோ கலைஞர். 1988இல் வந்த 'இன் காட் வி ட்ரஸ்ட்' ஆல்பத்திலும் அவர்தான். படத்தில் மஞ்சள் கறுப்பில் நிற்பவர் ஒருவர், காதில் விழுவது வேறொருவர்.

இது ஊரறிந்த விஷயம்தான், நான்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். ஸ்டூடியோவில் ஆள் மாற்றுவது அந்தக் காலத்தில் சாதாரணம், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்தது.

இப்போது கேள்விக்கு வாருங்கள். டிம் கெய்ன்ஸ் திரும்பி வந்து தன் கையால் பேஸ் வாசித்த ஆல்பம் எது? 1990இன் 'அகெயின்ஸ்ட் த லா'. நீங்கள் பின்மாற்றம் என்று சொல்கிற அதே ஆல்பம். தயாரிப்பு டாம் வெர்மன், சீப் ட்ரிக், மாட்லி க்ரூ குழுக்களின் ஆல்பங்களை எல்லாம் செய்தவர். வாசிப்பும் ஒலியும் அதுவரை வந்த எதையும்விட நேரடியாக இருக்கும். உடை உண்மையாக இருந்தபோது பேஸ் வேறு ஆள். உடையைக் கழற்றியபோது படத்தில் இருக்கும் நால்வரும் அவரவர் வாத்தியத்தை அவரவரே வாசித்தார்கள். எது உண்மையான ஸ்ட்ரைப்பர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜனவரி 11, இன்னும் கொஞ்சம்

கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த ஆல்பத்தில் 'ஷைனிங் ஸ்டார்' என்ற எர்த், விண்ட் அண்ட் ஃபயர் பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். அதில் மட்டும் பேஸ் ராண்டி ஜாக்சன். ஆமாம், பின்னாளில் 'அமெரிக்கன் ஐடல்' நடுவர் மேசையில் உட்கார்ந்தவரே. எனவே "நால்வரும் அவரவரே" என்பதில் ஒரு பாட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபங்க் பேஸை வாசிக்க அவரைக் கூப்பிட்டது சரியான முடிவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு இன்றுவரை அது விரலில் வரவில்லை.

ஜனவரி 14

மூன்று நாள் இதையே அசைபோட்டேன். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி.

அந்தக் காலத்தில் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சொல்லுகிறதுக்கும் வாழுகிறதுக்கும் இடைவெளி விழுந்திருந்தது. இதைக் கண்டுபிடித்தது எந்த மஞ்சள் பத்திரிகையும் இல்லை, அவர்களே சொன்னது. மைக்கேல் ஸ்வீட் 2014இல் எழுதிய தன் வரலாற்றில் அந்த நாட்களை மறைக்கவில்லை. ஆக ஆல்பத்தில் தேவனுடைய பெயரைக் காணோம் என்பது வெறும் வியாபார முடிவு இல்லை. பாட மனசாட்சி இடம் கொடுக்காததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம். நிஜமாகவே அப்படி என்றால், நம்பாததைப் பாடாமல் விட்டதற்கு அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

ஆனால் "கூலி" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 1990 ஆகஸ்டில் வந்த ஆல்பம் அது. எனிக்மா ரெக்கார்ட்ஸ் அதன் பின் அதிக நாள் தாங்கவில்லை, 1991 தொகுப்பு ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வழியாகத்தான் வந்தது. அதே 1991 செப்டம்பரில் புதுவகை ராக் குழுவான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம். அதற்குப் பிறகு ஸ்பான்டெக்ஸும் ஹேர்ஸ்பிரேயும் போட்ட எல்லாக் குழுவும் விழுந்தது, வேதம் வீசியவன் வீசாதவன் என்ற பாகுபாடு இல்லாமல். 1992 தொடக்கத்தில் மைக்கேல் விலகினார். மற்ற மூவரும் கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். தேவகோபம் என்றால் அது அந்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் முழுக்க இறங்கியிருக்க வேண்டும்.

ஜனவரி 15

பெட்ராவோடு ஒப்பிடச் சொன்னவருக்கு: ஒப்பிட முடியாது, ஆனால் ஒரு கதை சொல்கிறேன். பெட்ரா 1972இல் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் தொடங்கிய கிறிஸ்தவ ராக் குழு, ஸ்ட்ரைப்பருக்கு அண்ணன். ராக் தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்த நாட்கள். 1982 ஆல்பத்தில் பெட்ரா ஒரு பாட்டின் முன்னால் நிஜமாகவே பின்னோக்கி ஒரு வாக்கியம் வைத்தார்கள். சுழற்றிக் கேட்டால், கர்த்தரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று வரும். தட்டைப் பின்னால் சுழற்றி ஊசியைக் கெடுத்துக்கொண்ட மூப்பர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

பெட்ரா கடைசிவரை பெரும்பாலும் சபைக்குள் வாசித்தது. ஸ்ட்ரைப்பர் வெளியே போய் நின்றது. அடி யாருக்கு அதிகம் விழும் என்பது தெரிந்ததுதானே.

ஜனவரி 19

உடைந்த பிறகு என்ன ஆனார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மைக்கேல் கலிஃபோர்னியாவை விட்டு மாசசூசெட்ஸ் போய், மனைவி குடும்பத்தின் கிரான்பெரித் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிளாட்டினம் வாங்கியவர். 1994இல் தனி ஆல்பம் போட்டார், கிறிஸ்தவ வானொலியில் நன்றாக ஓடியது. ஆஸ் ஃபாக்ஸும் டிம் கெய்ன்ஸும் சின்டிசி என்று ஒரு குழு நடத்தினார்கள். 2000இல் ரசிகர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் மறுபடி ஒரே மேடை. 2003இல் முழுச் சுற்றுப்பயணம், மஞ்சள் கறுப்போடு. 2005இல் 'ரீபார்ன்'.

நடுவில் ஒரு விசித்திரம். 2007இல் பாஸ்டன் குழுவின் பாடகர் பிராட் டெல்ப் இறந்தார். அவருடைய அஞ்சலிக் கச்சேரியில் பாடிய மைக்கேலை அந்தக் குழுவே வைத்துக்கொண்டது. சில வருஷம் இரண்டு குழுவிலும் பாடினார். அந்த நாட்களிலேயே மனைவி கைல் புற்றுநோயில் போராடி 2009இல் காலமானார். அந்த வருஷம் வந்த 'மர்டர் பை ப்ரைட்' ஆல்பத்தை என்னால் அதை மறந்துவிட்டுக் கேட்க முடிவதில்லை.

ஆஸ் ஃபாக்ஸுக்கு 2018இல் மேடையிலேயே வலிப்பு வந்து, மூளையில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே திரும்பி வந்து வாசிக்கிறார். டிம் கெய்ன்ஸ் 2017இல் குழுவை விட்டு ஒரேயடியாக விலகிவிட்டார். இப்போது பேஸ் ஃபயர்ஹவுஸ் குழுவில் இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன். இந்தக் குழுவில் பேஸ்காரன் நாற்காலி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. என் இனத்துக்கே அந்த ராசி.

ஜனவரி 19, விட்டுப்போனது

2011இல் 'த கவரிங்' என்று ஒரு ஆல்பம், தங்களை வளர்த்த குழுக்களின் பாடல்கள். பிளாக் சப்பாத், ஜூடாஸ் ப்ரீஸ்ட், அயர்ன் மெய்டன் எல்லாம் உண்டு. சபையில் சிலர் மறுபடி கொதித்தார்கள். 2015இல் பிளாக் சப்பாத்தின் 'ஆஃப்டர் ஃபாரெவர்' பாட்டையும் எடுத்தார்கள். அது 1971 பாட்டு, கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த கீசர் பட்லரின் வரிகள், தேவனை மறுக்கிறவனைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பாட்டு. இருட்டின் பிதாக்கள் என்று பேர் வாங்கியவர்களின் பாட்டு, ஒரு வரி மாற்றாமல் ஸ்ட்ரைப்பர் ஆல்பத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜனவரி 23

"இவ்வளவு பேசுகிறீர்களே, மஞ்சள் கறுப்பைக் கழற்றியது தப்பில்லை என்றால் ஏன் திரும்பப் போட்டார்கள்?" நல்ல கேள்வி, நான் தவிர்த்துவந்த கேள்வியும் அதுதான்.

எங்கள் வாலிபர் குழுவில் ஒருமுறை டிரம்ஸை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். பிறகு பேஸின் சத்தம் அதிகம் என்றார்கள், குறைத்தோம். ஒரு கட்டத்தில் நான் வயரை ஒலிப்பெருக்கியில் செருகாமலேயே முழு ஆராதனையும் வாசித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆராதனை முடிந்து ஒரு மூப்பர் கையைப் பிடித்து "இன்றைக்குத்தான் தம்பி அளவாக இருந்தது" என்றார். அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. பிறகு போனேன். வயரைச் செருகினேன். இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கேட்டுக் களைத்துவிட்டார்களோ என்னவோ.

அவர்கள் ஏன் திரும்பப் போட்டார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். ரசிகர்களுக்குப் பிடிக்கும், சட்டை விற்கும், அதுவும் உண்டு. ஆனால் 1984இல் மாட்டியவர்கள் இருபது சொச்சம் வயசுப் பையன்கள். 2003இல் மாட்டியவர்கள் நாற்பதைத் தொட்டவர்கள், கழற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இரண்டையும் ஒரே உடை என்று என்னால் எண்ண முடியவில்லை.

பிப்ரவரி 2

இந்த வாரம் 'அகெயின்ஸ்ட் த லா'வை நான்கு முறை கேட்டேன். 'லேடி' இன்னும் கொஞ்சம் வழிகிறது. 'டூ டைம் வுமன்' சாதாரணம், எந்தக் குழு வேண்டுமானாலும் பாடியிருக்கலாம், அந்த விஷயத்தில் கேள்வி கேட்டவருக்கு ஒரு மதிப்பெண். 'காட் இன் த மிடில்' மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவன். முதல் கிட்டார் வெட்டிலேயே நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 'டிம் கெய்ன்ஸ் மாதிரி' என்ற தலைப்பை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே 'பிராட் காப்' என்று எழுதினேன். அடுத்த பக்கம் காலியாக இருந்தது. அதில் டிம் கெய்ன்ஸ் பெயரை எழுதிவிட்டு 'காட் இன் த மிடில்' பேஸை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இரண்டாவது சரணம் வரை வந்திருக்கிறது. எங்கேயாவது தப்பாக எடுத்திருந்தால் வந்து சொல்கிறேன்.